டப்பாவை மூடிய கைகள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் டியர் லாட்ஜ் என்றொரு சிற்றூர். ஊருக்குள்ளேயே கோட்டைபோல ஒரு பழைய சிறை நிற்கிறது. 1871-இல் திறக்கப்பட்ட அந்தச் சிறைக்குக் கல்மதில் எழுப்பியவர்கள் உள்ளே அடைபட்டிருந்தவர்களேதான். 1979-இல் எல்லோரையும் ஊருக்கு வெளியே ஒரு புதிய வளாகத்துக்கு மாற்றினார்கள். பழைய கட்டடம் இப்போது அருங்காட்சியகம். புதிய சிறையைச் சுற்றி மேய்ச்சல் நிலங்களும் பால் பண்ணையும் இருக்கின்றன. சிறைத் தொழில் பிரிவு நடத்தும் பெரிய சமையற்கூடம் ஒன்றும் இருக்கிறது. மாநிலத்தின் உணவு வங்கி அமைப்பு அந்தத் தொழில் பிரிவோடு கைகோத்துத்தான், நன்கொடையாக வரும் காய்களையும் இறைச்சியையும் டப்பாவில் அடைக்கும் வேலையை அங்கே கொண்டுவந்தது.

ஏன் டப்பா, ஏன் சிறை என்ற இரண்டு கேள்விகளுக்கும் மொன்டானாவின் நிலமே பாதி பதில் சொல்லிவிடும். பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மக்களோ 11 லட்சம்தான். ஃப்ளாட்ஹெட் ஏரிக்கரையில் செர்ரி பழுப்பது ஜூலைக் கடைசியில். சில வாரங்களில் பருவம் முடிந்துவிடும். பனி இறங்குவதற்குள் உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்தாக வேண்டும். இலையுதிர் காலத்தில் ஐந்து வாரம் துப்பாக்கி வேட்டைப் பருவம். மான் இறைச்சியில் ஒரு பங்கை வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்கென்று கொடுப்பதுண்டு. எல்லாம் ஒரே மூச்சில் வந்து குவியும். பசி மட்டும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும், நெடுஞ்சாலையிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்களில் காத்திருக்கும். அந்த ஊர்களில் உணவு வழங்கும் இடம் பெரும்பாலும் தேவாலயத்தின் பின்னறைதான். அங்கே பெரிய குளிர்பதன அறைக்கு வழியில்லை. அலமாரியில் வைத்தால் இரண்டு குளிர்காலம் கெடாமல் நிற்கும் டப்பாதான் அவர்களுக்குத் தோது.

மிகுதியான காலத்தில் எடுத்துவைத்து இல்லாத காலத்தில் உண்பது எல்லா ஊர்ச் சமையலறைகளுக்கும் தெரிந்த வித்தை. சுண்டைக்காயை வற்றலாக்கியதும், இறைச்சியை உப்புக்கண்டம் போட்டதும், மீனைக் கருவாடாக்கியதும் இதற்காகத்தான். அந்த வீட்டு வித்தையை ஒரு மாநிலத்தின் அளவுக்குப் பெருக்கும்போது அதற்குக் கைகள் வேண்டியிருக்கிறது. யாருடைய கைகள், அவற்றுக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் இந்த விவகாரத்தின் கனம் முழுவதும் இருக்கிறது.

அமெரிக்காவில் உணவுக்குப் பஞ்சமில்லை. விளைந்து விற்பனைக்கு வரும் உணவில் 30 முதல் 40 விழுக்காடு யார் வயிற்றுக்கும் போகாமல் வீணாகிறது என்று அந்நாட்டு வேளாண் துறையே மதிப்பிடுகிறது. அதே துறையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 1.8 கோடி குடும்பங்கள், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்றுக்கும் மேற்பட்ட வீடுகள், போதிய உணவு கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் வாழ்ந்தன. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே பாலம் போடும் முயற்சிதான் உணவு வங்கி. ஜான் வான் ஹெங்கல் 1967-இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கிய செயின்ட் மேரிஸ் உணவு வங்கி அதில் முதலாவது. இன்று ஃபீடிங் அமெரிக்கா என்ற கூட்டமைப்பின் கீழ் ஏறத்தாழ 200 உணவு வங்கிகள் இயங்குகின்றன. நல்ல மனத்தோடு கொடுத்த உணவால் எதிர்பாராத தீங்கு நேர்ந்தால் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்று 1996 அக்டோபர் 1-ஆம் தேதி ஒரு சட்டமும் வந்தது. அந்த ஆண்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு இன்னொரு முகமும் உண்டு.

மிஞ்சியதைப் பதப்படுத்திப் பசித்தவருக்குக் கொடுப்பது உணவு வங்கிகளுக்கும் முந்தைய யோசனை. 1933-இல் விலை வீழ்ச்சியைத் தடுப்பதற்காக அமெரிக்க அரசு 60 லட்சம் பன்றிக்குட்டிகளை விலைக்கு வாங்கிக் கொன்றது. வேலையிழந்தவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. நாடே கொதித்தது. அதே ஆண்டின் இறுதிக்குள் உபரி உணவைப் பகிர்ந்தளிக்கக் கூட்டரசு ஒரு தனிக் கழகத்தை ஏற்படுத்தியது. மறு ஆண்டு பெரும் வறட்சி வந்தது. புல்லில்லாமல் சாகக் கிடந்த 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை அரசே வாங்கியது. அந்த இறைச்சியில் பெரும்பங்கு டப்பாவில் அடைக்கப்பட்டு ஏழைகளுக்குப் போனது. அந்தக் கூடங்களில் பலவற்றில் வேலை செய்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களும் பசித்தவர்களே; நிவாரண வேலைக்குக் கூலி வாங்கியவர்கள். டப்பா ஒரு வீட்டின் பசியை ஆற்றியது, அதை அடைத்த கூலி இன்னொரு வீட்டின் பசியை ஆற்றியது.

அந்த வேலை சிறைக்குப் போனபோது இந்த இரண்டாவது பாதி மெலிந்துவிட்டது.

சிறைக்குப் போனதற்கு நடைமுறைக் காரணங்கள் வலுவானவை. ஆயிரம் பேருக்கு மூன்று வேளை சமைக்கும் இடத்தில் நீராவிக் கொதிகலனும் பெரிய அண்டாக்களும் ஏற்கெனவே இருக்கும். நிலமும் கிடங்கும் இருக்கும். 10 டன் உருளைக்கிழங்கு முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினாலும் அன்றைக்கே கழுவவும் தோலுரிக்கவும் ஆள் இருக்கும். தன்னார்வலர்களை நம்பி நடத்தும் உணவு வங்கி, அறுவடைக் காலத்தின் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் அறுபது பேரைத் திரட்டுவது எளிதல்ல.

சட்டத்திலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதன் வரலாறு கசப்பானது. 1865-இல் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாகச் செய்யவைக்கும் கட்டாய வேலைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. தென்மாநிலங்கள் அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டன. கறுப்பின மக்களை அற்பக் காரணங்களுக்குச் சிறையில் தள்ளி, தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் குத்தகைக்கு விட்டன. அலபாமா அதைக் கைவிட்டது 1928-இல்தான். சிறையில் மலிவாகச் செய்த பொருள்கள் தங்கள் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் சேர்ந்து போராடியதால், 1935-ஆம் ஆண்டுச் சட்டம் சிறைப் பொருள்கள் மாநில எல்லை தாண்டி விற்பனைக்குப் போவதை அடைத்தது. ஆனால் வேளாண் விளைபொருள்களுக்கும், அரசு அமைப்புகளுக்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் செய்யப்படும் பொருள்களுக்கும் அந்தத் தடை பொருந்தாது. உணவு வங்கி லாப நோக்கற்ற அமைப்பு. ஆகவே சிறைக்குள் மூடப்படும் ஒரு டப்பா பீன்ஸ் கடைக்குப் போனால் சந்தையோடு மோதும். தானத்துக்குப் போனால் யாரோடும் மோதாது. அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் இந்தத் திட்டங்களைத் தயக்கமின்றிப் பாராட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாராட்டுக்குரிய வேலைதான், ஐயமில்லை. வெளியிலிருப்பவர்கள் நினைப்பதைவிட நுட்பமான வேலையும்கூட.

பிரெஞ்சு நாட்டுச் சமையற்காரர் நிக்கோலா அப்பேர், கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்துக் கொதிநீரில் வேகவைத்துக் கெடாமல் காக்கும் முறையைக் கண்டுபிடித்து 1810-இல் புத்தகமாக எழுதினார். அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது. உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. விஞ்ஞானி லூயி பாஸ்டர் வந்து விளக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அப்பேரின் முறையில் ஒளிந்திருந்த ஆபத்தும் பின்னால்தான் புரிந்தது. காற்றில்லாத இடத்தில், புளிப்பில்லாத உணவில், பொட்டுலினம் என்ற நுண்ணுயிரி விழித்துக்கொள்ளும். அது சுரக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சை நிறுத்திவிடும். அதன் வித்துகள் கொதிநீருக்குச் சாகாதவை. 121 டிகிரி வெப்பத்தில், அழுத்தத்தில் வைத்தால்தான் ஒழியும். டியர் லாட்ஜ் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,380 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் பருப்பு வேகத் தாமதமாகிறதே, அதே காரணம். ஆகவே தக்காளி, செர்ரி போன்ற புளிப்புள்ளவை தவிர, உருளை, கேரட், பீன்ஸ், இறைச்சி எல்லாவற்றுக்கும் ஆள் உயரப் பிரஷர் குக்கர் போன்ற இயந்திரம் வேண்டும். அதை இயக்க, வெப்பத்தையும் நேரத்தையும் நிமிடம் தவறாமல் பதிவு செய்யத் தெரிந்த ஆளும் வேண்டும்.

1971-இல் நியூயார்க் பகுதியில் ஒருவர் டப்பா சூப் குடித்து இறந்தார். பான் விவான் என்ற அந்த நிறுவனம் அத்தோடு மூழ்கியது. டப்பா உணவுக்கான விதிகளைக் கூட்டரசு இறுக்கியது அதற்குப் பிறகுதான். இன்று புளிப்பில்லாத உணவை வணிக அளவில் டப்பாவில் அடைக்கும் இடம் ஒவ்வொன்றிலும், அதற்கென்று அமைந்த பயிற்சி வகுப்பில் தேறியவர் ஒருவர் மேற்பார்வையில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பண்டத்துக்கும், ஒவ்வொரு டப்பா அளவுக்கும் இத்தனை டிகிரியில் இத்தனை நிமிடம் என்று வல்லுநர் வகுத்த கணக்கு இருக்க வேண்டும்.

நன்கொடை உணவுக்கு இங்கேதான் இடைஞ்சல். தொழிற்சாலை ஒரே வகைப் பீன்ஸை மாதக்கணக்கில் அடைக்கும். தானமாக வருவதோ இன்று அரை லாரி கேரட், நாளை ஒரு மூட்டை வெங்காயம், மறுநாள் நான்கு மான்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழம்பாக்கிவிடலாமென்றால், கலவை மாறும் ஒவ்வொரு தடவையும் கணக்கும் மாறும். யோசனை இவ்வளவு எளிதாகத் தோன்றியும் இப்படிப்பட்ட சிறைக் கூடங்கள் அமெரிக்கா முழுக்க முளைக்காததற்கு இதுவே பெரிய காரணம் என்று கருத இடமுண்டு. பல சிறைகள் டப்பாவை விட்டு, சமைத்த உணவைச் சூடாகவே பையில் அடைத்துச் சடுதியில் குளிரவைக்கும் முறைக்குப் போய்விட்டன. அது பாதுகாப்பானது, சுவையும் குன்றாது. ஆனால் கடைசி ஊர்வரை குளிர்பதன வண்டி வேண்டும்.

பொட்டுலினம் சிறைகளுக்குப் பழக்கப்பட்ட பெயர் என்பது வேதனையான செய்தி. 2011-இல் யூட்டா மாநிலச் சிறையில் எட்டுப் பேர் அதன் நஞ்சால் விழுந்தார்கள். அறைக்குள் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சாராயத்தில், வாரக்கணக்கில் எடுத்துவைத்திருந்த ஒரு சுட்ட உருளைக்கிழங்கு சேர்ந்திருந்தது. 2016-இல் மிசிசிப்பியின் ஒரு கூட்டரசுச் சிறையிலும் அறையில் காய்ச்சிய சாராயம்தான் எமனாக வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 31 பேர். ஒரு கூடத்தில் 121 டிகிரியின் அருமை தெரிந்த சிறைவாசி நிற்கிறார். சில நூறு மைலுக்கு அப்பால் அதே போன்ற மதிலுக்குள் அந்த அறிவு எட்டாதவர் பிளாஸ்டிக் பையில் கிழங்கைப் புளிக்கவைக்கிறார். உணவைப் பற்றிய அறிவைச் சிறைக்குள் கொண்டுபோவது எத்தனை அவசியம் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று தேவையில்லை.

பதப்படுத்தாமல் நேரடியாகக் கொடுக்கும் திட்டங்களும் பல. ஆர்கன்சாவில் 2008 முதல் பசி ஒழிப்புக் கூட்டமைப்பு ஒன்றும் மாநிலச் சிறைத் துறையும் சேர்ந்து, அறுவடை முடிந்த வயல்களில் மிஞ்சிக் கிடப்பதைப் பொறுக்கி எடுக்கின்றன. விவசாயி அனுமதி தருவார், சிறைவாசிகள் இறங்கிப் பறிப்பார்கள், காய்கள் உணவு வங்கிக்குப் போகும். வாஷிங்டன் மாநிலத்தில் எவர்கிரீன் கல்லூரியும் சிறைத் துறையும் இணைந்து நடத்தும் திட்டத்தில், சிறைத் தோட்டங்களில் விளைவதில் ஒரு பங்கு சுற்றுவட்டார உணவு வங்கிகளுக்குச் சேர்கிறது. இவற்றில் இயந்திரம் இல்லை, செலவு குறைவு. ஆனால் கீரை நான்கு நாளில் வாடிவிடும்.

இனி கூலிக்கு வரலாம். அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமும் சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியும் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறைவாசிகள் மணிக்குச் சராசரியாக 13 முதல் 52 சென்ட் வரைதான் வாங்குகிறார்கள். வெளியே கூட்டரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியோ ஏழேகால் டாலர். ஆர்கன்சா, டெக்சாஸ், ஜார்ஜியா மாநிலங்கள் ஏறக்குறைய எந்தச் சிறை வேலைக்கும் ஒரு சென்ட்கூடத் தருவதில்லை. வேலை செய்கிறவர்களில் நால்வரில் மூவருக்கு மேல், மறுத்தால் தண்டனை என்ற நிலையில்தான் செய்கிறார்கள். தனியறையில் அடைப்பது, குடும்பத்தார் வந்து பார்ப்பதை நிறுத்துவது, விடுதலைக்கு உதவும் தண்டனைக் குறைப்பைப் பறிப்பது ஆகியவை அந்தத் தண்டனைகள். அப்படியானால் ஆர்கன்சா வயலில் குனிந்து ஏழைக் குழந்தைக்கென்று தக்காளி பொறுக்குபவரின் உழைப்பு முழுவதும் தானம். ஆனால் அந்தத் தானத்தைச் செய்ய அவர் சம்மதித்தாரா என்று கேட்கும் படிவம் எங்கும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. சிறையில் நாள் நகராது. கூடத்துக்கோ வயலுக்கோ போகக் கிடைக்கும் வேலை, அறையிலிருந்து விடுபடும் ஆறு மணி நேரம். தன்னால் ஒருவருக்குக் கேடு விளைந்தது என்ற பாரத்தோடு இருப்பவருக்கு, தன் கை பட்ட உணவு முகந்தெரியாத ஒரு வீட்டுக்குப் போகிறது என்பது உண்மையான ஆறுதல். இத்தகைய வேலைகளுக்குச் சிறைவாசிகளே போட்டி போட்டு விண்ணப்பிப்பதும் வழக்கம். ஆனால் ஆறுதல் கூலிக்கு ஈடாகாது. மருத்துவமனையில் நோயாளிக்கு உதவும்போது செவிலியருக்கும் மனநிறைவு கிடைக்கிறது. அதைக் காட்டி யாரும் அவருடைய சம்பளத்தை நிறுத்துவதில்லை.

விற்பனைக்குப் போகும் சிறை உழைப்பின்மேல் மட்டும் கண்டனம் பாய்கிறது. கொலராடோ சிறைவாசிகள் வளர்த்த மீனையும், அவர்கள் பராமரித்த ஆடுகளின் பாலில் செய்த பாலாடைக்கட்டியையும் விற்ற ஹோல் ஃபுட்ஸ் நிறுவனம், எதிர்ப்பு கிளம்பியதும் 2015-இல் அவற்றை நிறுத்துவதாக அறிவித்தது. லூசியானாவின் அங்கோலா சிறை முன்பு அடிமைகள் உழைத்த தோட்டம், 18,000 ஏக்கர். அது போன்ற சிறைப் பண்ணைகளின் விளைச்சல் பெரிய நிறுவனங்களின் கைக்கு எப்படிப் போகிறது என்று 2024 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் விரிவாக எழுதியபோது நாடெங்கும் பேச்சாயிற்று. தானத்துக்குப் போகும் டப்பாவைப் பற்றி அப்படிப் பேச்செழுவதில்லை. வாங்குபவர் ஏழை என்பதால் செய்தவருக்கு நேர்ந்த குறை கண்ணில் படாமல் போகிறது. இதுதான் இத்திட்டங்களில் இருக்கும் பெரிய பலவீனம். அறம் என்ற சொல் கணக்கை மூடிவிடுகிறது.

மாநிலங்கள் மெல்ல அசைகின்றன. தண்டனையாக அடிமை வேலையை அனுமதிக்கும் வாசகத்தைக் கொலராடோ 2018-இலும், யூட்டாவும் நெப்ராஸ்காவும் 2020-இலும், அலபாமா, ஒரிகன், டென்னசி, வெர்மான்ட் 2022-இலும் தங்கள் அரசியலமைப்பிலிருந்து நீக்கின. கலிபோர்னியா வாக்காளர்கள் 2024-இல் அப்படியொரு திருத்தத்தைத் தோற்கடித்தார்கள். வாசகம் போன இடங்களிலும் கூலி தானாக ஏறிவிடவில்லை. இந்தியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றத்தின் வழியாக வந்தது. கடுங்காவல் கைதியின் உழைப்புக்கும் நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பகுதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் குஜராத் வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுச் சிறை அங்காடிகளில் ரொட்டி வாங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு அறிமுகமாகியிருக்கும். அங்கே பொருள் விலைக்குப் போகிறது, தானத்துக்கு அல்ல.

கூலியைவிட நெஞ்சை உறுத்துவது தட்டு. இம்பாக்ட் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு 2020-இல் அமெரிக்கச் சிறை உணவைப் பற்றி நடத்திய ஆய்வில், சிறையிலிருந்து வந்தவர்களில் 94 விழுக்காட்டினர் உள்ளே வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கவில்லை என்றார்கள். உணவினால் வரும் நோய் வெளியிலிருப்பவர்களைவிடச் சிறையிலிருப்பவர்களுக்கு ஆறு மடங்குக்கு மேல் வருகிறது என்று கூட்டரசின் நோய்த் தடுப்பு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2017-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். காலையில் ஏழைகளுக்கென்று கேரட்டைக் கழுவி நறுக்கும் அதே மனிதர், மாலையில் குழைந்த நூடுல்ஸும் வெள்ளை ரொட்டியும் இருக்கும் தட்டை வாங்கிக்கொண்டு திரும்பலாம். அவர் நறுக்கிய கேரட் அதில் இராது. நன்கொடையாக வந்த உணவு வேறு கணக்கு, சிறைச் சாப்பாடு வேறு கணக்கு. இரண்டையும் கலக்க விதி இடம் தராது.

சிறையையும் பசியையும் சேர்த்து யோசித்த பழைய நூல் ஒன்று தமிழில் இருக்கிறது. மணிமேகலையில் ஒரு காதைக்குச் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை என்றே பெயர். கையில் அமுதசுரபியோடு மணிமேகலை சிறைக்குள் நுழைகிறாள். அங்கே வாடிக் கிடப்பவர்களுக்கு முதலில் சோறிடுகிறாள். செய்தி கேட்ட சோழ மன்னன் உனக்கு என்ன வேண்டும் என்று வினவும்போதுதான், சிறையை அறச்சாலையாக மாற்றித் தரக் கேட்கிறாள். அந்த வரிசை முக்கியமானது. அறக்கோட்டம் பிறகு வந்தது. உள்ளே இருந்தவர்களின் வயிறு முதலில் நிறைந்தது.

அந்த வரிசையை இன்றும் கைக்கொள்ள முடியும் என்பதற்கு மெய்ன் மாநிலம் சான்று. சார்ல்ஸ்டன் என்ற ஊரின் மவுன்டன் வியூ சிறையில் காய்கறித் தோட்டமும் ஆப்பிள் மரங்களும் இருக்கின்றன. அக்கம்பக்கத்து விவசாயிகளிடமிருந்து பொருள் வாங்குகிறார்கள். ரொட்டியை அங்கேயே மாவு பிசைந்து சுடுகிறார்கள். மீந்த உணவு உரமாகித் தோட்டத்துக்கே திரும்புகிறது. விளைந்தது முதலில் சிறைச் சமையலறைக்குப் போகிறது. தொழிற்சாலையில் செய்த உணவை வாங்குவதைவிட இது செலவு கூடியதாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு அங்கே கிடைத்த அனுபவம் நேர்மாறாக இருக்கிறது.

கூலிக்கும் சாப்பாட்டுக்கும் அடுத்ததாக வெளியே எடுத்துக்கொண்டு போகக்கூடியது ஒன்று உண்டு. சிறையில் கல்வி பெற்றவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு 43 விழுக்காடு குறைவு என்றும், தொழிற்பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு 28 விழுக்காடு கூடுதல் என்றும் ராண்ட் நிறுவனம் 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. வேலையும் பயிற்சியும் ஒன்றல்ல. மூன்று வருடம் உருளைக்கிழங்கைத் தோலுரித்தவர் தோலுரிக்கக் கற்றிருப்பார். அழுத்த இயந்திரத்தை இயக்கும் அங்கீகாரச் சான்றிதழோடு வெளியேறுபவரை எந்த உணவுத் தொழிற்சாலையும் நேர்காணலுக்குக் கூப்பிடும். ஒரு திட்டம் நல்லதா என்று பார்க்க வருபவர் எத்தனை டன் உணவு காப்பாற்றப்பட்டது என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு ஆண்டறிக்கைகளில் பெரிய எழுத்தில் பதில் இருக்கும். இரண்டாவதற்கு விசாரித்தால்தான் தெரியும்.

தலைநகர் வாஷிங்டனில் ராபர்ட் எக்கர் 1989-இல் தொடங்கிய டி.சி. சென்ட்ரல் கிச்சன் இதை வெளியிலிருந்து செய்துகாட்டியது. அதிபர் ஜார்ஜ் புஷ் பதவியேற்ற விருந்துகளில் மீந்த உணவுதான் அதன் முதல் சரக்கு. மீந்த உணவையும் விலைபோகாத காய்களையும் வாங்கிச் சமைப்பதோடு, சிறையிலிருந்து வந்தவர்களையும் வீடற்றவர்களையும் சேர்த்துச் சமையல் பயிற்சி தருகிறது. தேறியவர்களில் பலரைச் சம்பளத்துக்குத் தானே வைத்துக்கொள்கிறது. 1934-இன் கூடங்களில் இருந்த அந்த இரண்டாவது பாதி இங்கே திரும்பிவந்திருக்கிறது. இத்தாலியில் அது சிறைக்குள்ளேயே சாத்தியமாயிற்று. சிறைவாசிகளை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் வரிச்சலுகை தரும் சட்டம் அங்கே 2000-இல் வந்தது. பாதுவா நகரச் சிறையில் ஜியோத்தோ கூட்டுறவு 2005 முதல் நடத்தும் அடுமனையில் கிறிஸ்துமஸ் கேக் செய்பவர்களுக்கு, வெளியே அதே வேலைக்கு உள்ள தொழிற்சங்க ஒப்பந்தப்படிதான் சம்பளம். அதிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

வீடு என்றதும் மறுபடியும் அமெரிக்காவுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஒருவர் சிறைக்குப் போனால் அவர் வீட்டு அடுப்புதான் முதலில் அணைகிறது. சிறைத் தண்டனைக்கும் குழந்தைகள் உள்ள வீடுகளின் பட்டினிக்கும் உள்ள தொடர்பை, ராபின் காக்ஸ், சாலி வாலஸ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2016-இல் ஆய்ந்து நிறுவினார்கள். உணவு வங்கியின் வரிசையில் நிற்கும் குடும்பங்களில் சிறைவாசியின் மனைவியும் தாயும் பிள்ளையும் இருக்கிறார்கள். டப்பாவை மூடியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அது யார் வீட்டுக்குப் போகும் என்று அவருக்கும் தெரியாது. அவருக்கு மணிக்குச் சில டாலர் கூலி கொடுத்து, அதில் பாதி வீட்டுக்குப் போக வழி செய்திருந்தால், அந்தத் தாய் வரிசைக்கு வரவே தேவையிருந்திருக்காது.

1996-இன் இன்னொரு முகம் இதுதான். உணவு கொடுப்பவரைக் காக்கும் சட்டத்தில் அதிபர் கிளின்டன் அக்டோபர் 1-ஆம் தேதி கையெழுத்திட்டார். அதற்குச் சரியாக 40 நாள் முன்பு, ஆகஸ்ட் 22-ஆம் தேதி, அதே பேனா வேறொரு சட்டத்திலும் கையெழுத்திட்டிருந்தது. போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு அரசின் உணவு உதவி வாழ்நாள் முழுவதும் கிடையாது என்றது அது. கொலைக் குற்றவாளிக்கு அந்தத் தடை இல்லை, இவருக்கு உண்டு. மாநிலங்கள் விரும்பினால் தளர்த்திக்கொள்ளலாம் என்பதால் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகத் தளர்த்தின. தென் கரோலினா நீண்ட காலம் அசையவே இல்லை. அங்கே தண்டனைக் காலம் முடிந்து வெளியே வருபவர், உணவு உதவி அலுவலகம் திருப்பி அனுப்பினால், நேரே உணவு வங்கிக்குத்தான் போகிறார். அங்கே அலமாரியில் அடுக்கியிருப்பவற்றில் ஒரு பீன்ஸ் டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுக்கிறார்கள்.